வளராத கோடு

இருங்கோ தம்பி. அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதிலை இருங்கோ. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, இந்த அறை நிலம் சரியான குளிர். பவளம், ஒரு தேத்தண்ணி போடு. சீனி? போடுவாராம்.

உதிலை மேசையிலைதான் கிடக்கு ரெண்டும், துவக்கிலை பூட்டுற ஸ்கோப். விளம்பரம் ஒட்டி மூண்டு மாசமாச்சு. உங்களுக்கு முன்னம் நாலு பேர் வந்து பாத்திட்டுப் போயிட்டினம். ஒருத்தரும் எடுக்கேல்லை. எல்லாரும் உந்தக் கேள்வியைத்தான் கேக்கினம், ரெண்டிலை எது நல்லது எண்டு. நான் மறுமொழி சொல்ல வெளிக்கிட்டால் அது நீண்டுபோகுது, அவையளுக்கு நேரமில்லை. எனக்கும் உண்மையிலை களைச்சுப்போச்சு. உங்களுக்கு நேரமிருக்கோ? அப்ப சரி.

இடப்பக்கம் கிடக்கிறதை எடுங்கோ. எடுத்துப் பின்வளவைப் பாருங்கோ, அந்தக் கண்ணாடிக் கதவாலை. தெருப்பக்கம் பிடிச்சிடாதேங்கோ, முன்வீட்டு மனுசி பொலிசுக்கு ரெலிபோன் அடிச்சுப்போடும். ஒருக்கா அடிச்சதுதான். வெறும் ஸ்கோப், துவக்கு இல்லையெண்டு விளங்கப்படுத்தவே அரை நாள் போச்சுது. வேலியிலை அணில் நிக்குது, கண்டியளோ? இப்ப அந்த வளையத்தைத் திருப்புங்கோ. நாலு மடங்கிலையிருந்து பதினாறு மடங்கு மட்டுக்கும் போகும். அணில் பெருத்துக்கொண்டு வருதெல்லோ? குறுக்குக்கோடு? அது அப்பிடியே நிக்கும். நாலிலையும் அதே மொத்தம், பதினாறிலையும் அதே மொத்தம். கடைக்காரன் உதைச் செக்கண்ட் போக்கல் பிளேன் எண்டுவான். மற்றது பெர்ஸ்ட் போக்கல் பிளேன். நாங்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை. வளராத கோடு, வளருற கோடு. அது என்ர மச்சான் வைச்ச பேர். கிருபை. மனுசியின்ர தம்பி.

கீழை சின்னச் சின்னக் கோடுகள் இறங்கிப் போகுதெல்லோ, அதுகள் தூரத்துக்கு. சன்னம், துவக்காலை போற குண்டு, தூரம் போகப் போக விழும். அதுக்கேற்ற மாதிரிக் கீழ்க்கோட்டை மிருகத்திலை வைச்சு வெடி வைக்கவேணும். ஆனால் இந்த வளராத கோட்டிலை அந்தக் கீழ்க்கோடுகள் உண்மை சொல்லுறது பதினாறிலை மட்டும். எட்டிலை வைச்சால் ரெண்டு மடங்கு பொய். நாலிலை நாலு மடங்கு பொய். சன்னம் மிருகத்துக்கு மேலாலை போகும்.

மற்றதை எடுங்கோ. அதிலை மிருகம் பெருக்கக் கோடும் பெருக்கும், மிருகம் சிறுக்கக் கோடும் சிறுக்கும். எந்த நம்பரிலை வைச்சாலும் அளவு ஒண்டுதான், பொய் இல்லை. ஆனால் நாலிலை வைச்சுப் பாருங்கோ, கோடு தெரியுதோ? சிலந்தி நூல் மாதிரிக் கிடக்கும். பொழுதுபட்ட மம்மல் நேரத்திலை, பத்தைக்குள்ளை, ஒண்டும் தெரியாது. அப்ப எது நல்லது? ரெண்டும் நல்லதுதான், ரெண்டும் கோதாரிதான். பிடிக்கிற ஆளைப் பொறுத்தது.

கடையிலையும் இந்தக் கதைதான் நடந்தது. கிருபை சொன்னவன், "அத்தான், நீங்கள் வளருறதை எடுங்கோ. மிருகத்தைக் கண்ட அந்தரத்திலை வளையம் எதிலை நிக்குதெண்டு ஒருத்தரும் பாக்கிறேல்லை" எண்டு. எனக்குச் சொல்லுறான்! பன்ரண்டு வயசிலை ஒட்டுசுட்டான் காட்டிலை இடியன் துவக்காலை மரை விழுத்தினவன் நான். அதிலை ஸ்கோப்பும் இல்லை, கோடும் இல்லை, நுனியிலை ஒரு பொட்டு, அவ்வளவுதான். "எனக்குக் குறுக்கு வடிவாய்த் தெரியவேணும், அது பெருக்கிறதும் வேண்டாம், சிறுக்கிறதும் வேண்டாம்" எண்டன். கிருபை எனக்கு எதிர்த்துக் கதைக்கிறவன் இல்லை. எட்டு வயசிலை தாய் செத்த பிறகு எங்களோடைதான் வளந்தவன். கனடாவுக்கும் நான்தான் கூப்பிட்டனான்.

அதோடை விட்டானோ? ரெண்டு சனிக்கிழமை என்னைச் சுடுற திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நூறு யார் தூரத்துக்குக் குறுக்கு, முந்நூறு யார் தூரத்துக்கு மூண்டாவது கோடு எண்டு சுட்டுச் சுட்டுப் பிடிச்சுத் தந்தவன். குறையொண்டும் சொல்லக்கூடாது, அப்ப நல்லாய்த்தான் செய்தவன். முடிஞ்சு போகேக்கை துவக்குப் பிடியிலை ஒரு வெள்ளை ஒட்டுத் துண்டை ஒட்டி, அதிலை பெரிசாய்ப் "16" எண்டு எழுதிவிட்டான். சுடமுன்னம் பாக்கவாம். நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையோ? வீட்டை வந்த உடனை உரிச்சுப்போட்டன். நாலு பேர் காணுற சாமானிலை.

சரி. இப்ப அந்த மரைக்கு வாறன். மூஸ் எண்டுறது. நாங்கள் அதையும் மரை எண்டுதான் சொல்லுறது, கனடா மரை. ஆம்பிளை மரைக்குப் பெர்மிற் லேசிலை விழாது, தெரியும்தானே? குலுக்கல். ஏழு வரியமாய் நாலு பேர் சேர்ந்து விண்ணப்பம் போட்டுப் போட்டு, ஏழாம் வரியம் ஒண்டு விழுந்தது. நாலு பேருக்கும் ஒரே ஒரு கொம்பன். நான், கிருபை, எங்களோடை வேட்டைக்கு வாற யோகன், யோகன்ர தமையன். "வெடி அத்தான் வைக்கட்டும்" எண்டு சொன்னது கிருபைதான். மற்றவங்களும் ஓமெண்டாங்கள். எனக்கு அப்ப அறுபத்திரண்டு. அடுத்த ஏழு வரியம் ஆர் கண்டது எண்டு நினைச்சிருப்பாங்கள்.

பத்து மணித்தியாலம் காரிலை வடக்கை ஓடிப் போய், ஒரு சதுப்புக்குப் பக்கத்திலை மரக் கொட்டில். முதல் ரெண்டு நாளும் ஒண்டுமில்லை, மழைதான். பின்னேரத்திலை வந்து அவனவன் தன்ர துவக்கைத் துடைச்சுத் தன்ர பெட்டிக்கை வைச்சுப் பூட்டிப்போட்டு, சோத்தைத் திண்டிட்டுப் படுக்கிறது. மூண்டாம் நாள் விடியமுன்னமே கிருபையும் யோகனும் வள்ளத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிட்டாங்கள். கிருபை மரை மாதிரிக் கத்துவான். ஒரு தகரப் பேணியிலை ஓட்டை போட்டு, ஈர நூலைக் கட்டி இழுப்பான், பொட்டை மரை அழுகிற மாதிரியே கேக்கும். அந்தச் சத்தத்துக்குக் கொம்பன் வெளியிலை வரும். வாற வழியிலை நான் இருக்கிறது. யோகன்ர தமையன் கொட்டிலிலை சமையல்.

நான் எழும்பித் தேத்தண்ணி குடிச்சு, பெட்டியைத் திறந்து துவக்கை எடுக்கேக்கை அவங்கள் போய் ஒரு மணித்தியாலம் வரும். பெட்டித் திறப்பு என்ர கழுத்துச் சங்கிலியிலைதான் கிடக்கும். குளிக்கேக்கையும் கழட்டுறேல்லை. காட்டுக்குள்ளை நடக்கேக்கை வளையத்தை ஆறிலைதான் வைப்பன். பதினாறிலை வைச்சால் கிட்ட வாற மிருகத்திலை மயிர்தான் தெரியும், எந்த இடமெண்டு தெரியாது. சுடமுன்னம் பதினாறுக்குத் திருப்பவேணும். அது எனக்குக் கைப்பழக்கம். அண்டைக்கும் திருப்பியிருப்பன்.

தேத்தண்ணியைக் குடியுங்கோ.

வந்தது தம்பி. முந்நூறு யார் தூரத்திலை, சதுப்புக் கரையிலை. கொம்பு ரெண்டும் கதவுப் பலகை மாதிரி. பக்கவாட்டிலை திரும்பி நிண்டது, படம் எடுக்கச் சொல்லி நிண்ட மாதிரி. அதிட்டைப் பெர்மிசன் கேக்கிற மாதிரி ஒரு நிமிசம் பாத்துக்கொண்டிருந்தன். மூண்டாவது கோட்டை அதின்ர நெஞ்சிலை வைச்சன். வெடி வைச்சன். அது தலையைத் தூக்கிப் பாத்தது. அதுக்குப் பின்னாலை, முதுகுக்கு மேலாலை, மரத்திலை பட்டை பறந்ததைக் கண்டன். திரும்பவும் அதே கோடு, அதே நெஞ்சு. திரும்பவும் பட்டை. மூண்டாவது வெடிக்கு அது நிக்கேல்லை. ஓடவுமில்லை, தம்பி. நடந்து போனது. ஓடியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அது நடந்துதான் போனது.

பிறகு ஸ்கோப்பைப் பாக்கிறன், வளையம் ஆறிலை நிக்குது.

நீங்கள் எந்த ஊர்? கரவெட்டியோ. அப்ப உங்களுக்கு இது தெரிய ஞாயமில்லை. எங்கட வன்னிப் பக்கத்து வேட்டைக்காரரிட்டை ஒரு முறை இருக்கு. தவறின வெடியை விசாரிக்கிறேல்லை. ஒருத்தன் வெறுங்கையோடை திரும்பி வந்தால், என்ன நடந்ததெண்டு மற்றவங்கள் கேக்கமாட்டாங்கள். பேசாமல் சோத்தைப் போட்டுக் குடுப்பாங்கள். விசாரிச்சால் அடுத்த முறை அவனுக்குக் கை நடுங்கும், அதுதான். அண்டைக்கும் அவங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. ரெண்டு வெடிச் சத்தமும் கேட்டு ஓடி வந்தவங்கள், என்ர முகத்தைப் பாத்தாங்கள், வள்ளத்தைக் கட்டிப்போட்டு உள்ளை வந்து இருந்திட்டாங்கள். யோகன்ர தமையன் சோத்தைப் போட்டுத் தந்தான்.

நான்தான் கேட்டன். தட்டைத் தள்ளி வைச்சிட்டு, "ஆரடா என்ர ஸ்கோப்பிலை கை வைச்சது?" எண்டு கேட்டன்.

எனக்கு அப்ப கண் கலங்கிப்போச்சு, ஏன் மறைப்பான். திரும்பவும் கேட்டன். அப்ப கிருபை சொல்லுறான், "நான்தான் அத்தான். துடைக்கேக்கை வளையம் திரும்பிப்போச்சுப் போலை" எண்டு. யோகன் சடாரெண்டு அவனைத் திரும்பிப் பாத்தான். கிருபை யோகனுக்குத் தலையை ஆட்டினான். தான் செய்த வேலைக்கு வெக்கப்பட்டு ஆட்டியிருப்பான் எண்டு நினைச்சன்.

அதுக்குப் பிறகு நான் விட்டனானோ? விடேல்லை. எங்கட ஆக்களிட்டை இன்னொண்டும் இருக்கு. ஒருத்தன்ர துவக்கை மற்றவன் கேளாமல் தொட்டால், பிறகு அவனை ஒருத்தரும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டினம். கிருபைக்கு அது வடிவாய்த் தெரியும், எங்கட வீட்டிலை வளந்தவன்தானே. தெரிஞ்சுகொண்டு தொட்டிருக்கிறான். பத்து மணித்தியாலமும் காருக்குள்ளை அவனை ஏசிப் பேசிக்கொண்டுதான் வந்தன். அவன்தான் கார் ஓடினது. "ஓம் அத்தான், என்ர பிழைதான்" எண்டான். இடையிலை நிப்பாட்டிக் கோப்பி வேண்டித் தந்தான். நான் குடிச்சிட்டு மிச்சத்தையும் பேசினன்.

பிறகு ஊரெல்லாம் சொன்னன். கலியாண வீட்டிலை சொன்னன், செத்த வீட்டிலை சொன்னன். ஒருக்கா கோயில் மடத்திலை அன்னதானத்துக்கு நிண்ட வரிசையிலை முன்னாலை நிண்டவருக்கும் பின்னாலை நிண்டவருக்கும் சொன்னன். நல்ல கதைதானே, சனம் விரும்பிக் கேக்கும். கிருபை பக்கத்திலை நிண்டால் சிரிப்பான். ஆனால் அடுத்த வரியம் ஓசாவாப் பக்கத்து வேட்டைக்காரப் பெடியள் அவனைத் தங்கட குழுவிலை சேக்கமாட்டம் எண்டிட்டாங்கள். அதுக்கு நான் என்ன செய்ய? நான் நடந்ததைத்தான் சொன்னனான். யோகனும் எங்களை விட்டிட்டுப் போயிட்டான். கடையிலை கண்டால் எனக்குத் தலையாட்டுறான், கதைக்கிறானில்லை. நான் அவனுக்கு ஒரு தீங்கும் செய்யேல்லை, ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

அந்தக் கோவத்திலைதான் இந்த மற்றதை வேண்டினன், வளருற கோட்டை. இனி ஆர் தொட்டாலும், எதிலை நிண்டாலும், உண்மைதான் சொல்லும் எண்டு. இதாலை ஒரு முயலைக்கூடச் சுடேல்லை. ஆரோடை போறது?

போன வரியம் ஆவணியிலை என்ர பேத்திக்குப் பிறந்தநாள், மண்டபம் எடுத்துச் செய்தது. நான் ஒரு மேசையிலை இருந்து இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறன், கிருபை கேக் கோப்பையோடை அந்தப் பக்கமாய் வாறான், அவன்ர மகள்மார் ரெண்டு பெட்டையளும் கூட. மேசையிலை இருந்த ஒருத்தர், ஆரெண்டே தெரியாது, மருமகன்ர பக்கத்து ஆள், "நீரோ அந்த வளையம் திருப்பின ஆள்?" எண்டு பகிடியாய்க் கேட்டிட்டார். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். பெரிய பெட்டை தகப்பன்ர முகத்தைப் பாத்துது. கிருபை கோப்பையை மேசையிலை வைச்சான், எனக்குத் தலையாட்டினான், பிள்ளையளையும் மனுசியையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். அண்டையிலிருந்து இந்த வீட்டுப் படி மிதிக்கேல்லை. பிறகு கேள்விப்பட்டன், துவக்கையும் வித்திட்டானாம். ஒரு பகிடியைத் தாங்கமாட்டாதவன்.

பவளத்துக்கு அவன் ஒரே தம்பி. அவ என்னோடை சண்டை பிடிக்கேல்லை. பிடிச்சிருந்தால் நானும் பிடிச்சு முடிச்சிருப்பன். ஞாயிற்றுக்கிழமையளிலை அவன் வாறதெண்டு பெரிய சட்டியிலை சமைச்சுப் பழகினவ, இப்பவும் அதே சட்டியிலைதான் சமைக்கிறா. திங்கக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் நாங்கள் அதைத்தான் திண்ணுறது.

ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டு நிண்டவ, திரும்பிப் பாக்காமல் கேட்டா, "அவன் எப்பவாம் துடைச்சவன்?"

"காலமை" எண்டன்.

"காலமை அவன் வள்ளத்திலையெல்லோ போனவன்."

"அப்ப முதல்நாள் பின்னேரம்."

"முதல்நாள் பின்னேரம் நீங்களெல்லோ துடைச்சுப் பூட்டினது. திறப்பு உங்கட கழுத்திலையெல்லோ."

"நீ என்ன அங்கை வந்து நிண்டனியோ?" எண்டு கேட்டன்.

"இல்லை. நீங்கள் சொன்ன கதைதான். நூறு தரம் கேட்டிட்டன்" எண்டா.

பொம்பிளையள் உப்பிடித்தான் தம்பி, கூடப்பிறந்தவன் எண்டால் விட்டுக்குடுக்கமாட்டினம். நான் போய் ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைச்சன். அவ மீனைக் கழுவப் போயிட்டா. பிறகு அந்தக் கதையை நாங்கள் கதைக்கேல்லை. ஆனால் அண்டைக்குப் பிறகு எனக்கு ஒரு களைப்பு. என்ன வருத்தமெண்டு சொல்லத் தெரியேல்லை. சாப்பிடுறன், நடக்கிறன், டொக்டர் ரத்தமெல்லாம் சோதிச்சுப் பாத்திட்டு ஒண்டுமில்லையெண்டிட்டார். இந்தக் கதையைச் சொல்லேக்கை மட்டும் அந்த வள்ளம் வாற இடத்திலை நாக்கு ஒருக்கா நிக்கும். முந்தி நிக்கிறேல்லை. இப்பவும் நிண்டது, நீங்கள் கவனிச்சியளோ தெரியாது. அவன் தொட்டிருப்பான். எப்பவோ ஒரு நேரம் தொட்டிருப்பான். தொடாமல் ஒருத்தன் தொட்டனான் எண்டு சொல்லுவானோ? அதாலை அவனுக்கு என்ன லாபம்?

அவனிட்டைப் போய்க் கேக்கலாம். பத்து நிமிச ஓட்டம். ஆனால் நான் மூத்தவன். நான் வளத்த பெடியன்ர வாசலிலை நான் போய் நிக்கிறதோ? அவன் வரட்டும். வந்தால் நான் ஒண்டும் கேக்கமாட்டன். அதுதான் ரெண்டையும் விக்கிறன். கண்ணிலை படாமல் போனால் போதும்.

சரி, கதை காணும். எதை எடுக்கிறியள்? வளராததையோ? உங்கட விருப்பம். ஒண்டுதான், சுடமுன்னம் பதினாறோ எண்டு பாத்திட்டுச் சுடுங்கோ. விலையைப் பிறகு கதைப்பம். விளம்பரம் எந்தக் கடையிலை கண்டனீங்கள்? நான் ரெண்டு கடையிலைதான் ஒட்டினனான்.

விளம்பரம் காணேல்லையோ. அப்ப ஆர் சொன்னது?

கிருபையோ.

எங்கட கிருபையோ? உங்களோடை வேலை செய்யிறவனோ. ஓ. நான் விக்கிறது அவனுக்கு எப்பிடி... பவளம்தான் சொல்லியிருப்பா. அவ ரெலிபோனிலை கதைக்கிறவ, எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறனான்.

என்னெண்டு சொன்னவன்? இல்லை, சுருக்காமல் சொல்லுங்கோ. அவன் சொன்ன மாதிரியே.

"பயப்பிடாமல் எடும், எங்கட அத்தான்ர சாமான்." ஓம். பிறகு?

"அவர் ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டார். நானே ஒருநாளும் தொட்டதில்லை."

நானே ஒருநாளும் தொட்டதில்லை எண்டோ.

சிரிச்சுக்கொண்டோ சொன்னவன்? கோவமாயோ? சாதாரணமாய். விசாரிக்காமல், தன்பாட்டிலை சொன்னவன். அவனுக்கு ஞாபகமே இல்லைப் போலை, என்னட்டை என்ன சொன்னவன் எண்டு.

இல்லை, எனக்கு ஒண்டுமில்லை. இருங்கோ, எழும்பாதேங்கோ. தண்ணி வேண்டாம்.

பவளம். பவளம், அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஒருக்கா இஞ்சை வா. தம்பி, குறை நினையாதேங்கோ, இப்ப சொன்னதை அவவுக்கும் ஒருக்கா சொல்லிவிடுங்கோ. நீங்களே சொல்லுங்கோ. நான் சொன்னால் அது வேறை மாதிரி வந்திடும்.